கறவை மாடும் ராமேசுவரமும்

வர்ற மே மாசம் ரெண்டாவது வாரத்துல எங்க குடும்பம் ராமேசுவரம் போறதா ஏற்பாடு ஆகிட்டிருக்குதுங்க. அம்மாவுக்கு 78 வயசு. அம்மாவுல ஆரம்பிச்சு என் பேரன், தம்பி பேத்தி வரைக்கும் எண்ணினா பதினாலு தலை, நாலு தலைமுறை. மூணு நாள், ரெண்டு ராத்திரி. பட்டணத்துல இருக்கறவங்களுக்கு இது ஒரு சாதாரண லீவு. எங்க வீட்டுல இப்படி எல்லாரும் ஒண்ணாப் புறப்பட்டு வெளியூர்ல தங்கி அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு.

காசு இல்லைன்னு சொல்ல முடியாது. ஒரு காலத்துல இல்லை, அப்புறம் கொஞ்சம் இருந்துச்சு. பஸ்ஸு வந்துச்சு, காரு வந்துச்சு. வசதி கூடக் கூட சேர்ந்து போறது மட்டும் நின்னு போச்சு. ஏன்னு யோசிச்சப்ப எங்க வீட்டுப் பயண வரலாறே கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அதுல பாதி அப்பத்தா சொன்னது, கொஞ்சம் அய்யன் சொன்னது, மிச்சம் நானே பார்த்தது.

எங்க அப்பாரு காலத்துல பயணம்னா பங்குனி உத்திரத்துக்குப் பழனி. தைப்பூசத்தை விட எங்க பக்கம் பங்குனி உத்திரம்தான் பெருசு. கொடுமுடிக் காவிரியில தீர்த்தம் எடுத்துக் காவடி கட்டி நடந்தே போறவங்க உண்டு, இன்னைக்கும் போறாங்க. எங்க வீட்டுல நடக்க முடியாத கிழவிகளும் கைக்குழந்தைகளும் இருந்ததால வண்டி கட்டுவாங்க. அது ஏன் பங்குனின்னு பார்த்தா அதுல ஒரு விவசாயக் கணக்கு இருக்குது. அப்ப பவானிசாகர் அணை கிடையாது. மேட்டுக்காட்டுல மானாவாரிக் கம்பும் சோளமும், கிணத்தடியில கவலை ஓட்டிப் பாய்ச்சற கொஞ்சம் நிலமும்தான். தையில அறுத்து மாசியில களத்து வேலை முடிஞ்சா பங்குனியில மனுசனுக்கும் வேலை இல்லை, மாட்டுக்கும் வேலை இல்லை. கிணத்துல தண்ணியும் கீழ போயிருக்கும். கடவுளைப் பார்க்கப் போறதுக்கு அதை விட நல்ல நேரம் ஏதுங்க.

ரெண்டு வண்டி. ஒண்ணு கூண்டு போட்ட சவாரி வண்டி, இன்னொண்ணு பார வண்டி. சவாரி வண்டியில வைக்கோல் பரப்பி அது மேல ஜமுக்காளம். பார வண்டியில அரிசி, பருப்பு, புளி, பாத்திரம், மாட்டுக்குத் தட்டு, பருத்திக்கொட்டை. அச்சுக்கு அடியில ஒரு அரிக்கேன் லைட் தொங்கும். வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் புறப்பட்டு ராத்திரி பூரா போவாங்க. பகல்ல எங்கயாவது புளியமரத்தடியில வண்டியை அவுத்துவிட்டுட்டுப் பொங்கித் தின்னு தூங்குவாங்க. ஊத்துக்குளிக்கு அப்பால நொய்யலைத் தாண்டி, காங்கேயம், தாராபுரம், அமராவதி ஆறு, அப்புறம் பழனி. போக நாலு நாள், வர நாலு நாள். சண்முகநதிக் கரையில வண்டிகளை அவுத்தா திருவிழாக் கூட்டத்துல ஒரு கண்ணுக்கு எட்டற தூரம் முழுக்க வண்டியும் மாடுமாவே தெரியும்னு அப்பத்தா சொல்லும். பிள்ளைகளுக்கு முடி எடுத்து, காது குத்தி, மலையேறிக் கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிட்டுத் திரும்புவாங்க. விஞ்ச்சு வந்தது 1966ல. அதுக்கு முன்னால ஏற முடியாத கிழவிகளை டோலியில தூக்குவாங்க, இல்லைன்னா பாதவிநாயகர் கோயில்லயே கும்பிட்டுட்டு உக்காந்துக்குவாங்க.

"ஓய்வு எடுக்கப் போறோம்"னு யாரும் கிளம்பினதில்லை. போறதுக்கு ஒரு காரணம் வேணும். நேர்த்திக்கடன், முடியிறக்கு, சாம்பல் கரைக்கிறது, இல்லைன்னா மாட்டுச்சந்தை. சித்திரையில கண்ணபுரம், ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. குதிரையும் மாடும் வாங்கறது ஆம்பளைக வேலை, வளையலும் ரிப்பனும் பார்க்கறது பொம்பளைக வேலை, ராட்டினம் பிள்ளைகளுக்கு. ஒண்ணுமே செய்யாம இருக்கறதுக்காகவே ஒரு ஊருக்குப் போகலாம்ங்கற யோசனை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. கோடை வந்தா மெட்ராஸ் அரசாங்கமே ஆபீசைக் கட்டித் தூக்கிக்கிட்டு ஊட்டிக்குப் போச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899ல ரயில் விட்டாங்க, 1908ல அது ஊட்டி வரைக்கும் போச்சு. எங்க தோட்டத்து வரப்புல நின்னா வடக்கேயும் மேற்கேயும் மலை தெரியும். அதுல ஏறிப் போய் சும்மா உக்காந்துட்டு வரணும்னு அப்பாருக்குத் தோணியிருக்காது.

அந்த வண்டிப் பயணத்துல நான் கவனிச்ச ஒரு விசயம் இருக்குது. வீட்டுல பெரிய வேலை வைக்கிற ஜீவன் காளைதான். அந்தக் காளையே வண்டியை இழுத்துக்கிட்டுக் கூட வந்துடுச்சு. வீட்டுல இருந்த காங்கேயம் பசு நாள் ஒண்ணுக்கு ரெண்டு லிட்டர் குடுத்தாப் பெருசு, அதுவும் கன்னு பக்கத்துல இல்லாம சுரக்காது. நாலஞ்சு நாள் யாரும் கறக்கலைன்னா கன்னு ஊட்டிக்கும், அவ்வளவுதான். ஆடு கிளுவை வேலி போட்ட கொறங்காட்டுக்குள்ள மேஞ்சுக்கும். அப்பத்தா, அதோட மாமியா, நாத்தனார், பிள்ளைக எல்லாரும் ஒரே நேரத்துல வண்டியேற முடிஞ்சது இதனாலதான்.

முழு உண்மையையும் சொல்லணும். பண்ணையத்துல வேலை செஞ்ச குடும்பம் ஒண்ணு அந்த எட்டு நாளும் வீடு, ஆடு, களத்தைப் பார்த்துக்கிச்சு. அவங்க எப்பப் பழனிக்குப் போனாங்கன்னு அப்பத்தா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கணும்.

1948ல அணை வேலை ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சது. கீழ்பவானி வாய்க்கால் வந்துச்சு. ரெண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர் பாசனம். அதைப் பாதிப் பாதியாப் பிரிச்சு ஒரு பாதிக்கு ஆகஸ்டு 15ல இருந்து நஞ்சைக்கு, மறு பாதிக்கு ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் புஞ்சைக்குன்னு முறை வச்சாங்க. நெல்லு எங்க காட்டுல விளையும்னு அதுக்கு முன்னால யாரும் நினைச்சதில்லை. எங்க வீடு ஓட்டு வீடானது அதுக்கப்புறம்தான். அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனா பங்குனி போச்சு. புஞ்சைத் தண்ணி வர்ற வருசம் பங்குனியில நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் தண்ணி கட்டிட்டிருப்போம். முறை வந்த ராத்திரி மடையில ஆள் இல்லைன்னா தண்ணி அடுத்தவன் காட்டுக்குப் போயிடும். மே மாசத்துல இருந்து ஆகஸ்டு பாதி வரைக்கும் வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும். எங்க ஓய்வு பங்குனியில இருந்து அங்க நகர்ந்துச்சு. அதனால 1964 ஆடியில குடும்பம் மொத்தமும் அந்தியூர் சந்தைக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிச்சு. அதுதான் கடைசி. அதுக்கு அடுத்த மாசம், ஆவணியில, எங்கம்மா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. அப்ப அதுக்கு 17 வயசு.

வந்த புது மருமககிட்ட அப்பாரு ஒண்ணு சொல்லியிருக்கறாரு. "தை அமாவாசைக்கு ராமேசுவரம் போறோம் கண்ணு, நீயும் வர்ற. கடல் மேல ரயில்ல போலாம்." ஈரோட்டுல ஏறி, திருச்சியில வண்டி மாறி, பாம்பன் பாலம் தாண்டி. பாம்பன்ல இருந்து ஒரு பாதை ராமேசுவரத்துக்கும், இன்னொண்ணு தனுஷ்கோடிக்கும் போச்சு. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பாலம் திறந்தது 1914ல. கப்பல் வந்தா நடுவுல ரெண்டா விரிஞ்சு வழி விடும்னு அப்பாரு கையை விரிச்சுக் காட்டுவாராம். அம்மா அதுவரைக்கும் கடலும் பார்த்ததில்லை, ரயில்லயும் ஏறினதில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சது. தனுஷ்கோடி ஊரே போச்சு. பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே வாரிக்கிட்டுப் போச்சு, ஒருத்தரும் மிஞ்சலை. பாம்பன் பாலத்துல தூண் நின்னுச்சு, மேல இருந்த இரும்பு உத்திரங்களைக் கடல் இழுத்துடுச்சு. சரி பண்ண ரயில்வே ஆறு மாசம் கெடு வச்சது, ஸ்ரீதரன்னு ஒரு இளம் இன்ஜினியர் 46 நாள்ல முடிச்சாரு. பின்னால டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான். ஆனா தை அமாவாசை பாலம் சரியாகறதுக்கு முன்னாடியே வந்து போயிடுச்சு. அடுத்த வருசம் போலாம்னாங்க. அடுத்த வருசம் அப்பாரு படுத்துட்டாரு. தனுஷ்கோடியை மனுசன் வாழத் தகுதியில்லாத ஊருன்னு அரசாங்கம் அறிவிச்சது. எங்க வீட்டுல அந்தப் பேச்சே நின்னு போச்சு.

அப்புறம் வந்ததுதான் கறவை மாடு.

வெண்மைப் புரட்சித் திட்டத்தை 1970ல ஆரம்பிச்சாங்க. அது எங்க ஊருக்கு வந்து சேர இன்னொரு ஒன்பது வருசம் ஆச்சு. பால் சொசைட்டி வந்துச்சு, சினை ஊசி போட ஆள் வந்தாரு, 1979ல எங்க வீட்டுக்கு முதல் ஜெர்சிக் கலப்பு மாடு வந்துச்சு. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அந்த மாட்டை ஊரே வந்து பார்த்துச்சு. திமில் இல்லை, முகம் வேற மாதிரி, ஒரு வேளைக்கே அஞ்சு லிட்டர். நெல்லுக் காசு வருசத்துக்கு ஒரு தடவை, கரும்புக் காசு எப்ப வரும்னு ஆலைக்குத்தான் தெரியும். பால் காசு மட்டும் தவறாம வரும், அதுவும் பொம்பளை கையில வரும். எங்க மூணு பேரோட பள்ளிக்கூட பீசு, தங்கச்சியோட நகை, என்னோட முதல் மோட்டார் எல்லாமே அந்தக் காசுதான்.

அதுக்கு விலையும் இருந்துச்சு. காங்கேயம் பசுவை மாதிரி இதைக் கன்னுக்கிட்ட விட்டுட்டுப் போக முடியாது. ஒரு வேளை கறக்காம விட்டா மடி கல்லு மாதிரி ஆயிடும், ரெண்டு வேளை விட்டா மடிநோய். கை மாறினாலும் பாலை அடக்கிக்கும். காலையில அஞ்சரை, சாயங்காலம் நாலு. மழையா, காய்ச்சலா, பண்டிகையா, எதுவும் அதுக்குத் தெரியாது. அதே சமயத்துல காளைகளும் போச்சு, டிராக்டர் வந்துச்சு. ஆக, கூட வர்ற மாடு போய், வீட்டுல கட்டி வைக்கிற மாடு வந்துடுச்சு. கட்டினது மாட்டை மட்டும் இல்லை.

அதே காலத்துல ஊர்ல எல்லாரும் வெளிய போக ஆரம்பிச்சிருந்தாங்கங்கறதுதான் வேடிக்கை. 1972ல பஸ்ஸை அரசுடைமை ஆக்கினாங்க, எங்க பக்கம் சேரன் பஸ்ஸு ஓடுச்சு. அய்யனும் அவர் சேக்காளிகளும் வேன் வச்சு சபரிமலை போனாங்க. அத்தைகளும் சின்னம்மாக்களும் சிவப்புச் சேலை கட்டி மேல்மருவத்தூர் போனாங்க. ஆம்பளை தனியா, பொம்பளை தனியா, பிள்ளைக பள்ளிக்கூட டூர்ல தனியா. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு வழியனுப்பினது எங்கம்மா. "நீங்க போயிட்டு வாங்க, நான் இருந்துக்கறேன்." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கில்லை. அதுல வருத்தம் இருக்கும்னு எனக்கு நாப்பது வயசு வரைக்கும் உறைக்கவே இல்லைங்க.

தங்கச்சி கல்யாணம் கோபியில மண்டபத்துல. மூணரை மணிக்கு அம்மாவைக் காணோம். சம்பந்தி வீட்டுக்காரங்க கேக்கறாங்க, நான் சமையக்கட்டெல்லாம் தேடறேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வந்து கறந்து, சொசைட்டியில ஊத்திட்டு, ஆறு மணிக்குத் திரும்ப மண்டபத்துல நின்னுச்சு. சேலை முந்தானையில சாணி. அதைப் பார்த்து அன்னைக்கு எல்லாரும் சிரிச்சோம், நானும்தான்.

அம்மாவுக்குன்னு இருந்த உலகம் காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவுல இருக்கிற நேரம். அதுக்குள்ள போயிட்டு வர முடிஞ்ச தூரம்தான் அதுக்குத் தெரிஞ்ச தேசம். பாரியூர் கொண்டத்துக் காளியம்மன், பண்ணாரி, கோபி சந்தை. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதும் வாரத்துக்கு ஒரு தடவை புறப்பட்டுடும். அப்பவும் மூணு மணிக்கெல்லாம் வீடு வந்துடும். இத்தனைக்கும் அஞ்சாறு வருசமா அம்மா கறக்கறதில்லை, கை நடுங்குது. கறக்கறது என் வீட்டுக்காரி. ஆனாலும் அந்த நேரத்துக்குக் கால் தானா கட்டுத்தறிக்கு வந்துடும்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி பாம்பன்ல புதுப் பாலம் திறந்தாங்க. பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்தியிருந்தாங்க. டிவியில காட்டினப்ப அம்மா பேரன்கிட்ட சொல்லிட்டிருந்துச்சு, "பழசு ரெண்டா விரியும், இது நேரா மேல ஏறுது பாரு." நேர்ல பார்த்த மாதிரியே சொல்லுச்சு. அறுபது வருசத்துக்கு முன்னால அப்பாரு கையை விரிச்சுக் காட்டினது. அன்னைக்கு ராத்திரி நான் தம்பிக்குப் போன் பண்ணினேன்.

பேச்சு ஆரம்பிச்சதும் ஆளுக்கொரு ஊர் வந்துச்சு. மருமகளுக்குக் கொடைக்கானல். "மே மாசத்துல ராமேசுவரமா மாமா, குழந்தைக வெந்துடும்"னு சொன்னா. அவ சொல்றது சரிதான், அக்னி நட்சத்திரம் வேற. ஆனா மலைக்குப் போக இ-பாஸ் எடுக்கணும், போனாலும் வண்டி வரிசையிலதான் பாதி நாள். தம்பி மகன் கேரளா படகு வீடுன்னான். தை அமாவாசைக்குப் போலாம்னா அது மஞ்சள் வெட்டற நேரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, கூட்டத்துல அம்மாவை நிறுத்தவும் முடியாது. வாய்க்கால் அடைச்சு, பள்ளிக்கூடம் சாத்தி, மஞ்சள் நடவுக்கு முன்னால கிடைக்கிற ஒரே சந்து மே ரெண்டாவது வாரம். மோட்டாரைப் போன்ல இருந்தே ஓட்டிக்கலாம், அந்தக் கவலை விட்டுது.

ஏற்பாடு இதுதான். பதினெட்டு சீட் வேன். விடியக்காலையில புறப்பட்டு மதுரை, ராமநாதபுரம் வழியா மண்டபம். அங்க அம்மாவும் பிள்ளைகளும் பாசஞ்சர் ரயில்ல ஏறிக்குவாங்க, சாமானோட வேன் 1988ல திறந்த ரோட்டுப் பாலத்துல வந்து ராமேசுவரத்துல சேர்ந்துக்கும். நானூறு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டுப் போய்க் கடைசி கொஞ்ச தூரத்துக்கு ரயில் ஏறுறது பைத்தியக்காரத்தனம்னு தம்பி சொன்னான். கடல் இருக்கறது அந்தக் கொஞ்ச தூரத்துலதான்டான்னேன். இருபத்திரண்டு தீர்த்தமும் அம்மாவுக்கு வேண்டாம், ஈரச்சேலையோட அந்த வழுக்குத் தரையில நடக்க விடக்கூடாது. அக்னி தீர்த்தத்துல கால் நனைச்சுட்டு சாமி பார்த்தாப் போதும். மறுநாள் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள தனுஷ்கோடி. 2017ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார்ரோடு இருக்குது, முன்ன மாதிரி மணல்ல ஜீப்ல குலுங்க வேண்டியதில்லை. இடிஞ்ச சர்ச்சையும் ரயில்வே கட்டடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டணும்.

எல்லாம் எழுதி முடிச்சுப் பேர் பட்டியல் போட்டேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "ஏனுங்க, என் பேரை அடிச்சுடுங்க. நீங்கெல்லாம் போயிட்டு வாங்க, நான் இருந்துக்கறேன்"னா.

நாலு மாடு. ஒண்ணு சினையா இருந்து பால் வத்திடுச்சு. மூணு கறக்குது. பையன் வித்துடலாம்னான், அவனுக்கு மாசச் சம்பளம். கறவை மிசின் வாங்கினாலும் அதைப் பிடிக்க ஆள் வேணும். நான் யோசிச்சிட்டிருக்கும்போதே அம்மா திண்ணையில இருந்து சொல்லுச்சு, "அவ வரலைன்னா நானும் வரலை சாமி." சத்தமாக் கூடச் சொல்லலை. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொல்லுச்சு.

அப்புறம் என் வீட்டுக்காரியே பக்கத்துத் தோட்டத்து அக்காகிட்டப் போய்ப் பேசினா. அந்த மூணு நாள் பால் காசு அவங்களுக்கே. அது மட்டும் இல்லை, ஆவணியில அவங்க மகள் ஊருக்குப் போகும்போது அவங்க ரெண்டு மாட்டையும் இவ கறக்கணும். அவங்களுக்கும் வெளியூர்ல தங்கிப் பல வருசம் ஆச்சாம். மாடு கை பழகறதுக்காக இப்பவே ரெண்டு வேளையும் வந்துட்டிருக்காங்க. இவ ஒரு பக்கம் உக்கார, அவங்க மறு பக்கம். அம்மா தறிக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டுக்கிட்டு, எந்த மாட்டுக்கு முதல்ல தவிடு வைக்கணும், எது வலது பக்கம் போனா மிரளும்னு சொல்லிக்கிட்டே இருக்குது.

நேத்து சாயங்காலம் செவலை மாடு உதைச்சு, போசியோட ரெண்டு லிட்டர் மண்ணுல போச்சு. இன்னைக்குக் காலையில உதைக்கலை, ஆனா பாலை அடக்கிக்கிச்சு. புறப்பட இன்னும் பதினோரு நாள் இருக்குது.